காரிலேயே இரவு தூங்கலாமா? சட்டம், ஏசி, இடம் பற்றி விவரம் தேவை

தென்திசை
வணக்கம். சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு பெட்ரோல் காரில் இரவுப் பயணம். நானும் அப்பாவும் போகிறோம், ஓட்டுவது நான் மட்டும். லாட்ஜ் எடுக்காமல் மதுரைப் பக்கம் மூன்று நான்கு மணி நேரம் காரிலேயே தூங்கிவிட்டுப் போகலாம் என்று திட்டம். ரோந்து போலீஸ் அபராதம் போடுவார்களா? ஏசி போட்டுத் தூங்கினால் உயிருக்கே ஆபத்து என்கிறார்களே, எந்த அளவுக்கு உண்மை? கண்ணாடியை இறக்கினால் கொசு வேறு.

கறுப்புக்கோட்டு
காருக்குள் தூங்குவது குற்றம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் பிரிவே கிடையாது. வண்டி எங்கே, எந்த நிலையில் நிற்கிறது என்பதைத்தான் பார்ப்பார்கள். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 122வது பிரிவுப்படி, பிறருக்கு ஆபத்தோ இடைஞ்சலோ வரும்படி பொது இடத்தில் வண்டியை விட்டுவைக்கக் கூடாது. முதல் முறை 500 ரூபாய், அடுத்தடுத்து 1,500 வரை அபராதம் வரலாம். நெடுஞ்சாலை ஓரம், வளைவு, பாலம் எல்லாம் இதில் மாட்டும்.

பலர் கவனிக்காதது 126வது பிரிவு. பொது இடத்தில் வண்டி நின்றால், ஒன்று லைசென்ஸ் உள்ளவர் டிரைவர் சீட்டில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜினை நிறுத்தி பிரேக் போட்டிருக்க வேண்டும். ஏசிக்காக இன்ஜினை ஓடவிட்டுப் பின்சீட்டில் போய்ப் படுத்தால் இரண்டுமே இல்லை.

குடித்திருந்தால் டிரைவர் சீட்டில் தூங்கவே தூங்காதீர்கள். 185வது பிரிவு ஓட்டுவதை மட்டுமல்ல, ஓட்ட முயல்வதையும் சொல்கிறது. 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் போனாலே குற்றம். இன்ஜின் ஓட, ஸ்டீயரிங் முன்னால் ஒருவர் சாய்ந்திருந்தால் அவர் ஓட்ட முயலவில்லை என்று நடுராத்திரியில் யார் விளக்கிக்கொண்டிருப்பது?

ரோந்து வண்டி வந்து கண்ணாடியைத் தட்டினால் முதலில் உள்விளக்கைப் போடுங்கள். பிறகு கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிப் பேசுங்கள். லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் டிஜிலாக்கரில் காட்டினால் போதும். பெரும்பாலும் எங்கே போகிறீர்கள் என்று கேட்பார்கள், பாதுகாப்பான இடத்துக்கு நகரச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

சைலன்சர் சேகர்
ஏசி விஷயத்தில் இரண்டு வேறு பயங்கள் கலந்து கிடக்கின்றன.

ஒன்று, கதவை அடைத்தால் காற்றுத் தீர்ந்துவிடும் என்பது. கார் காற்றுப்புகாத பெட்டி இல்லை. பின்பம்பருக்குள்ளேயே காற்று வெளியேறத் தடுப்பிதழ் வைத்துத்தான் கட்டுகிறார்கள். முழுக்க மூடித் தூங்கினால் கரியமில வாயு கூடித் தலை கனக்கும், தூக்கம் சரியாக வராது.

இரண்டாவது பயம்தான் நியாயமானது: கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தூங்குகிறவருக்குத் தலைவலி வந்து எழுப்புவதற்குள் மயக்கம் வந்துவிடும். இன்ஜினோடு புகைக்குழாய் சேரும் இடத்து அடைப்பு (எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட்) கசிந்தாலோ, சைலன்சரில் துருப்பிடித்து ஓட்டை விழுந்தாலோ புகை பின்னால் போகாமல் வண்டிக்கு அடியிலேயே தேங்கும். ஓடும்போது காற்று அடித்துக்கொண்டு போய்விடும், நிற்கும்போது போகாது. தளத்தில் வயர் போகும் துளைகள், டிக்கி ரப்பர் பீடிங், வைப்பருக்குக் கீழே இருக்கும் காற்று உள்வாங்கும் துளை, எல்லாமே அதற்கு வழிதான். உள்காற்றையே சுற்றவிடும் ரீசர்குலேஷன் போட்டாலும் முழுத் தடுப்பு ஆகாது. கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவிட்டு இன்ஜினை ஓட்டினால் சரி என்பதும் தப்பு. பின்னால் சுவர் இருந்து புகை திரும்பினால் அதே இடைவெளி வழியாக உள்ளே வரும்.

சொந்த இன்ஜின் மட்டும் கணக்கில்லை. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். எமனாக வந்தது ஜெனரேட்டர் புகை. குளிர்சாதன லாரிக்குப் பக்கத்தில் நிறுத்தினாலும் அதன் குளிரூட்டும் யூனிட் ராத்திரி முழுக்க ஓடிப் புகை விடும்.

இன்னொன்று, டிரைவர் சீட்டில் தூங்கும்போது கால் ஆக்ஸிலரேட்டரில் அழுந்தினால் நின்ற இடத்திலேயே இன்ஜின் சீறும். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சூட்டில் பழுக்கும். அடியில் காய்ந்த புல் இருந்தால் தீ.

ஆகவே நிறுத்துவதற்கு இருபது நிமிடம் முன்பே ஏசியை நன்றாகக் கூட்டி உள்ளே குளிர வையுங்கள். நின்றதும் இன்ஜினை அணைத்துவிடுங்கள். பிறகு யூ.எஸ்.பி. விசிறி போதும். 10,000 எம்.ஏ.எச். பவர்பேங்க், 4 வாட் விசிறியை ஏழு மணி நேரம் போல ஓட்டும்.

தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு எது வந்தாலும் உடனே இருவரும் வெளியே வந்து 108ஐக் கூப்பிடுங்கள். ரத்தத்தில் ஆக்ஸிஜனை அளக்க விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 98 காட்டுகிறது என்று இருந்துவிடாதீர்கள். மோனாக்சைடு ஒட்டிய ரத்தத்தையும் அது ஆக்ஸிஜன் ஏறிய ரத்தமாகத்தான் எண்ணும்.

நாலுவழி
இடம் பத்தி நான் சொல்றேன். மதுரைன்னு முடிவு பண்ணிக்காதீங்க. ராத்திரி ஒன்பது மணிக்குக் கிளம்பினா திருச்சி தாண்டறதுக்கே ரெண்டரை ஆகும். ரெண்டுலேர்ந்து அஞ்சு வரைதான் கண் ரொம்ப சொக்கும். அதனால கொட்டாவி வர ஆரம்பிச்சா அடுத்த டோல்கேட்டுலயே ஒதுங்கிடுங்க. செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம்னு வரிசையா வருது. பூத்தைத் தாண்டி, வெளிச்சமும் கழிப்பறையும் இருக்கிற பக்கமா ஓரங்கட்டுங்க. லாரி வரிசைக்கு நடுவுல வேண்டாம், ரிவர்ஸ் எடுக்கறவருக்கு உங்க கார் தெரியாது. பெரிய பெட்ரோல் பங்க்னா நைட் டூட்டி ஆள்கிட்ட கேட்டுட்டு நிறுத்துங்க. டேங்கர் எண்ணெய் இறக்குற மூடி பக்கம் மட்டும் கூடாது.

ரோட்டோரம் ஹசார்டு லைட் போட்டுத் தூங்கறது எல்லாத்தையும்விட மோசம். தூக்கக் கலக்கத்துல வர்ற லாரிக்காரருக்கு அது ஓடற வண்டியா நிக்கற வண்டியான்னு புரியாது. பேட்டரியும் போகும். நாலு பல்பு, ஒவ்வொண்ணும் 21 வாட். 35 ஆம்பியர்-அவர் பேட்டரி அஞ்சாறு மணி நேரத்துல ஸ்டார்ட் பண்ற தெம்பை இழந்துடும். வண்டி கோளாறாகி ரோட்டுல நின்னுட்டா நெடுஞ்சாலை உதவி எண் 1033க்குப் போன் பண்ணிட்டு, தடுப்புக்கு அந்தப்பக்கம் போய் நில்லுங்க.

கொசுவுக்கு, பின்கதவு மேல உறை மாதிரி மாட்டுற வலை விக்குது. சாக்ஸ் மாட்டற மாதிரி கதவு ஃபிரேம் மேலேயே இழுத்து மாட்டணும். காந்தம் வெச்ச சன்ஷேட் ஓரத்துல இடைவெளி விடும், கொசு அதுலயே வந்துடும். இன்ஜினை அணைச்ச பிறகு ரெண்டு பின்கண்ணாடியையும் ரெண்டு விரல் அளவு இறக்குங்க, காற்று குறுக்கா ஓடும். முன்னாடி ரெண்டும் ஏத்தியே இருக்கட்டும், கதவு எல்லாம் லாக். சாவி கையெட்டுற, ஒரே இடத்துல. அப்பாவை முன் இடது சீட்டுல சாய்ச்சுப் படுக்க வெச்சு, நீங்க பின்னால படுங்க.

எழுந்ததும் உடனே வண்டியை எடுக்காதீங்க. மூஞ்சி கழுவி, கால் மணி நேரம் நடந்துட்டு எடுங்க. முழிச்ச உடனே மூளை பாதித் தூக்கத்துலதான் இருக்கும்.

தென்திசை
மூவருக்கும் நன்றி. பவர்பேங்க் விசிறி வாங்கிவிடுகிறேன். அடுத்த மாதம் சத்தியமங்கலம், திம்பம் வழியாக மைசூருவும் போக வேண்டும். இரவு கேட் மூடியிருந்தால் அங்கேயே தூங்கலாமா?

நாலுவழி
அந்தத் திம்பம் பாதையில பண்ணாரியிலேர்ந்து காரப்பள்ளம் வரைக்கும் ராத்திரி ஒன்பதுலேர்ந்து காலை ஆறு வரை காரும் போக முடியாது. செக்போஸ்ட் கிட்ட காட்டு ஓரமா நிறுத்தித் தூங்காதீங்க, யானை நடமாட்டம் இருக்கு. வண்டிக்குள்ள பழம், கரும்பு, வெல்லம் வாசனை இருந்தா இன்னும் மோசம். சத்தியமங்கலத்துலயே ரூம் போட்டுட்டு அஞ்சரைக்குக் கிளம்புங்க.