புதுப்பிப்பு: லெவல் 4-லிருந்து 5-க்குப் பதவி உயர்வு, அடிப்படைச் சம்பளம் எவ்வளவு?
மார்ச்சில் பதவி உயர்வு வந்ததும் ஊதிய நிர்ணயம் பற்றிக் கேட்டிருந்தேன் (மத்திய அரசு, 7-வது ஊதியக் குழு; லெவல் என்பது அதன் ஊதிய அட்டவணையில் உள்ள நிலை), பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பதவி உயர்வு நாளுக்குப் பதில் ஜூலை இன்கிரிமென்ட் (வருடாந்திர ஊதிய உயர்வு) தேதியிலிருந்து சம்பளத்தை நிர்ணயிக்கச் சொல்லி விருப்பக் கடிதம் கொடுங்கள் என்ற யோசனைதான் கைகொடுத்தது. 30,500 வாங்கிக்கொண்டிருந்த எனக்கு முதலில் 31,000தான் போட்டார்கள், சம்பளச் சீட்டைப் பார்த்து மனசே கனத்துவிட்டது, ஆனால் ஜூலை 1-ல் பழைய லெவலிலேயே இரண்டு இன்கிரிமென்ட் சேர்த்து 32,300 ஆக்கி, லெவல் 5-ல் அதற்கு அடுத்த கட்டமான 32,900-ல் வைத்தார்கள். கடிதம் கொடுக்காமல் பதவி உயர்வு நாளிலிருந்தே நிர்ணயித்திருந்தால் மார்ச்சிலேயே 31,900 கிடைத்திருக்கும், ஆனால் ஜனவரி வரை அதேதான்.

எதிர்பாராதது: ஜூலையிலிருந்து ஆறு மாதம் முடிவதால், இப்படி நிர்ணயித்த எனக்கும் அடுத்த இன்கிரிமென்ட் ஜனவரியிலேயே வருகிறது. அப்புறம், கடிதத்துக்குக் கெடு ஒரு மாதம்தான், எங்கள் பிரிவில் யாரும் சொல்லவில்லை.