வீட்டு குரூப்புல சைலன்ஸ் படம்

அக்கா: நேத்து ராத்திரி சைலன்ஸ் படம் பாத்து முடிக்க ஒரு மணி ஆயிட்டு, அதுக்கு அப்புறமும் தூக்கமே வரல. யாராச்சும் பாத்திருக்கீங்களா

தம்பி: ஸ்கார்செஸி படமாக்கா

அக்கா: ஆமாடா 2016ல வந்தது, எண்டோ ஷூசாக்குன்னு ஜப்பான் எழுத்தாளர் 1966ல எழுதுன நாவல். ஃபெரெய்ரான்னு ஒரு சேசு சபை சாமியார் கிறிஸ்தவ வேதத்த விட்டுட்டார்னு கேள்விப்பட்டு அவர தேடி ரெண்டு இளஞ்சாமியார் போர்ச்சுகல்ல இருந்து ஜப்பானுக்கு ஒளிஞ்சு போறாங்க

சித்தப்பா: ஃபெரெய்ரா நெசமாவே இருந்தவர்மா. 1633ல குழிக்குள்ள தலைகீழா தொங்கவிட்டாங்க, அதுல மறுதலிச்சிட்டார். படத்துலயும் அந்த இளஞ்சாமியார்ல ஒருத்தர் ரொட்ரிகஸ் கடைசில, வேதத்த விட்டாச்சுன்னு காட்ட மிதிக்க சொல்ற ஏசு சுரூபத்த மிதிச்சிட்டார், அத என் மனசு ஒத்துக்கல. 1597ல நாகசாகில 26 பேர சிலுவைல அறைஞ்சாங்களே, வசாய்ல பொறந்த கொன்சாலோ கார்சியாவும் அதுல ஒருத்தர், அவங்க யாரும் மறுதலிக்கலயே

அக்கா: சித்தப்பா அவங்கள கொன்னப்ப அவங்க உயிர் மட்டும்தான் போச்சு. இவருக்கு அப்படியா? ராத்திரி ஜெயில்ல காவக்காரன் குறட்டை விடுறான்னு இவர் எரிச்சல்படுறார், அது குறட்டை இல்ல, வெளிய குழில தொங்குற ஊர்க்காரங்க முனங்குற சத்தம். காதுக்கு பின்னால சின்னதா கீறி விட்டுருக்கான், ரத்தம் சொட்டு சொட்டா வடியணும் சீக்கிரம் சாகக் கூடாதுன்னு. அவங்க எப்பவோ மறுதலிச்சாச்சு, நீ மிதிக்குற வரைக்கும் விடமாட்டேன்னு வச்சிருக்கான். நீங்க அந்த எடத்துல இருந்தா என்ன செய்வீங்க

அம்மா: ஏசுவே

அக்கா: எனக்கு சாமியார விட அந்த ஊர்க்காரன் மோகிச்சிதான் மனசுல நிக்கிறான்மா. கடல்ல சிலுவை நட்டு கட்டிப் போட்டுருக்கு, அலை மேல மேல ஏறுது, மூச்சு முட்டுது, நாலு நாள் உயிரோட கெடந்து பாட்டு படிச்சே செத்தான். மணப்பாட்டு கடல பாத்து வளந்த நமக்கு அத கண்ண தொறந்து பாக்க முடியல. படத்துல மியூசிக்னு பெருசா கெடையாது, அலையும் பூச்சி சத்தமும்தான்

தம்பி: நம்ம சவேரியார்தான அங்க மொதல்ல போனது?

சித்தப்பா: ஆமால. 1542ல நம்ம கரைக்கு வந்தவர் 1549ல ககோஷிமால எறங்குனார். 1614ல ஜப்பான் முழுக்க வேதத்துக்கு தடை போட்டாச்சு

அண்ணன் (கப்பல்): இப்பதான் வைஃபை கெடச்சிது. எங்க கப்பல் நாகசாகில நின்னப்ப நான் ஔரா கோயிலுக்கு போயிருக்கேன். 1865ல உரகாமி ஊர் சனங்க கொஞ்ச பேர் அந்த கோயிலுக்கு வந்து பிரெஞ்சு சாமியார்ட்ட மெதுவா மாதா சுரூபம் எங்கன்னு கேட்ருக்காங்க. இருநூறு வருசத்துக்கு மேல பூசை இல்ல, சாமியார் இல்ல, பிள்ளைகளுக்கு வீட்டுலயே ஞானஸ்நானம் குடுத்து செபத்த வாயாலயே சொல்லிக் குடுத்து வச்சிருந்துருக்காங்க. அதுக்கு அப்புறமும் புடிச்சு நாடு கடத்துனாங்க, 1873லதான் விட்டாங்க

அம்மா: அந்த பொம்பளைங்க எத்தன தடவ மிதிச்சிருப்பாங்களோ, வருசா வருசம் மிதிக்க விடுவாங்களாமே. மிதிச்சிட்டு வீட்டுக்கு வந்து அழுது செபம் சொல்லிருப்பாங்க

அக்கா: அதேதான்மா நான் சொல்றது. படத்துல சாமியார்களுக்கு வழிகாட்டி கூட்டிட்டு போற அந்த கிச்சிஜிரோவும் அப்படித்தான், மிதிப்பான், காட்டிக் குடுப்பான், திரும்ப வந்து பாவசங்கீர்த்தனம் கேட்டு நிப்பான். அவன் மேல எனக்கு கோவமே வரல

சித்தப்பா: மிதிச்சது சரின்னு இப்பவும் சொல்லமாட்டேன். ஆனா அந்த குறட்டை காட்சிய நான் சரியா கவனிக்கலம்மா, இன்னொரு தடவ பாக்கணும்

அக்கா: ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வீட்டுக்கு வாங்க சித்தப்பா. ஆச்சியும் பாக்கணும்ங்கா, கீழ வர்ற எழுத்த நீங்கதான் வாசிச்சு சொல்லணும்