'செகண்டரி வேர்ல்டு': தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

அயர்லாந்து எழுத்தாளர் டன்சேனி பிரபு பின்வந்த மிகுபுனைவு (ஃபேன்டசி) எழுத்தாளர்களைப் பாதித்த விதம் குறித்த கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். 1905இல் இவர் சொந்தக் காசில் வெளியிட்ட 'பெகானாவின் கடவுள்கள்' நூலில் எல்லாத் தெய்வங்களும் புதிது. மற்றக் கடவுள்களைப் படைத்த மானா-யூத்-சுஷாய் உறங்குகிறார், ஸ்கார்ல் முரசறைகிறான். முரசு ஓய்ந்தால் அவர் விழித்துக்கொள்வார், உலகங்கள் இல்லாமல் போகும். அமெரிக்கத் திகில் கதை எழுத்தாளர் லவ்கிராஃப்ட் 1919இல் பாஸ்டனில் டன்சேனியின் பேச்சை நேரில் கேட்டவர். லவ்கிராஃப்டின் தொடக்கக் கதைகள் பலவற்றில் டன்சேனியின் நடைதான். 'எர்த்சீ' கதைகளை எழுதிய லெ குவின் சிறுமியாகவே டன்சேனியைப் படித்தவர். இப்படிப் படைக்கப்படும் உலகுக்கு 'லார்டு ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் பிற்பாடு வைத்த பெயர்தான் தலைப்பில் உள்ளது. 'இரண்டாம் உலகம்' என்றால் மூன்றாம் உலக நாடுகள்தான் நினைவுக்கு வருகின்றன.
– செ.

செ., அணியிலக்கணத்திலேயே, உலகில் இல்லாத பொருளை உவமையாக்கும் 'இல்பொருள் உவமை' இருக்கிறதே! அதே வழியில் 'இல்பொருளுலகு' என்க. 'நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும்' என்று புனைந்துரைப்பதையும் உலகில் நடப்பதையும் தொல்காப்பியர் பிரித்ததும் இங்கே பொருந்தும். உலகு என்பதே 'உலவு' என்னும் வினையடியாகப் பிறந்தது, லோகத்திலிருந்து வந்ததன்று என்பாரும் உண்டு.
– மு.

மு. ஐயா, உலகா லோகமா என்பதற்குத் தனி இழை தொடங்குவோம். 'இல்பொருள்' என்றதும் என் மாணவர்களுக்குப் 'பொருளில்லார்க்கு இவ்வுலகம் இல்லாகி யாங்கு' என்ற குறள்தான் நினைவுக்கு வரும், வறுமை என்றே எழுதுவார்கள். 'புனைவுலகு' போதாதா?
– வா.

போதாது, வா. அம்மா. ஜானகிராமனின் கும்பகோணமும் புனைவுலகுதான். 'படைப்புலகம்' என்றால் ஓர் எழுத்தாளரின் மொத்த எழுத்து என்றாகிவிட்டது.
– செ.

விசுவாமித்திரர் திரிசங்குவுக்காகப் புது விண்மீன்களையே படைத்தாரே, 'திரிசங்குலகு' எனலாமா?
– இரா.

இரா., அழகுதான். ஆனால் திரிசங்கு என்றால் இன்று அந்தரத்தில் தொங்குவது. 'மாற்றுலகு' பாருங்கள், கேட்டதும் புரிகிறது.
– வா.

எனக்கும் அதுவே. பத்திரிகைக்கு ஒத்துவரும்.
– இரா.

அப்படியே போடுகிறேன். நாளை கடைசி நாள்.
– செ.

எனக்கு உடன்பாடில்லை. மாற்று என்றால் ஒன்றுக்குப் பதிலாக வருவது. பெகானா எதற்குப் பதில்? இணைப் பிரபஞ்சக் கதைகளை மொழிபெயர்க்கும்போது இதே சொல்லுக்கு மறுபடி அலைவீர்கள். அடிக்குறிப்பிலாவது 'இல்பொருளுலகு' என்று சேருங்கள், செ.
– மு.