பழைய டியூப் டிவியில் நிறத் திட்டு: காந்தம் சுற்றலாமா, பெட்டியைத் திறக்கலாமா?

பண்டாரவளைக்காரி
அப்பா இன்னும் கைவிடாத 21 அங்குல டியூப் டிவி ஒன்று வீட்டில் ஓடுகிறது. டிஷ் பொக்ஸ், பழைய வீசிஆர் எல்லாம் அதோடுதான். ஐப்பசி இடிமழைக்குப் பிறகு திரையின் மேல் இடது மூலையில் பச்சைத் திட்டு, அதை ஒட்டி ஊதா. எந்தச் சேனல் போட்டாலும் அதே இடத்தில் நிற்கிறது. டிரில்லில் காந்தத்தைக் கட்டித் திரைக்கு முன்னால் சுற்றினால் போய்விடும் என்கிறான் அண்ணன். அப்பா கிட்டே விடமாட்டேன் என்கிறார். யார் சொல்வது சரி?

டிரில்_மாமா, பதுளை
அண்ணன் சொல்வதில் தப்பில்லை, மகள். திரைக் கண்ணாடிக்குப் பின்னால் நுண்ணிய துளைகள் போட்ட இரும்புத் தகடு இருக்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்குமான கதிர்கள் அந்தத் துளைகளுக்குள் புகுந்து தத்தம் நிறப் புள்ளியில் விழ வேண்டும். தகட்டில் காந்தம் ஏறினால் கதிர் விலகிப் பக்கத்து நிறத்தில் விழும். ஏறியதை இறக்க, திசை மாறி மாறி வரும் காந்தப்புலம் வேண்டும். அது மெல்லக் குறைந்து இல்லாமலும் போக வேண்டும். டிரில்லில் காந்தம் சுற்றினால் திசை மாறுகிறது. சுற்றிக்கொண்டே பின்னால் நடந்தால் புலம் குறைகிறது. இதற்குப் போய்க் கடையில் ஏன் சல்லி கொட்ட வேண்டும்?

ஹட்டன்_சொல்டரிங்
கணக்கு சரி மாமா, கைவேலைதான் ஆபத்து. அந்தத் தகடு ஒரு மில்லிமீட்டரில் கால்வாசிக்கு மேல் கனம் கிடையாது. இப்போது கடைகளில் விற்கும் நியோடிமியம் என்ற பலத்த காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் தகட்டையே இழுத்து நெளித்துவிடும். நெளிந்தால் குழாய் முடிந்தது, காந்தம் இறக்கும் எந்தக் கொயிலும் (கம்பிச் சுருளும்) காப்பாற்றாது.

தங்கச்சி, ஒன்றைப் பார்த்துச் சொல்லுங்கள். பெட்டியை மெயின் சுவிட்சில் நிறுத்தி அரைமணி நேரம் ஆறவிட்டுத் திரும்பப் போடும்போது 'டும்' என்று ஒரு அதிர்வு கேட்கிறதா? ரிமோட்டில் நிறுத்துவது கணக்கில்லை. அந்த 'டும்' பெட்டி தானே தகட்டின் காந்தத்தை இறக்கும் சத்தம், பல பெட்டிகளில் ஸ்டாண்ட்பையிலிருந்து எழுப்பினால் அந்த வேலை நடக்காது.

நுவரெலியா_குளிர்
எங்கள் தாத்தா இதற்கெல்லாம் பிதுருதலாகலை மலையின் ஒளிபரப்புக் கோபுரத்தைத்தான் திட்டுவார். ரூபவாஹினி டிவியின் அலை அடித்து டிவி காந்தமாகிவிட்டதாம்.

ஹட்டன்_சொல்டரிங்
ஒளிபரப்பு அலை தகட்டைக் காந்தமாக்காது, தாத்தாவிடம் சொல்லுங்கள். இடி வேறு விஷயம். வீட்டுக்குப் பக்கத்தில் விழுந்தால் அந்தப் பெரிய மின்னோட்டம் தகட்டில் காந்தம் ஏற்றலாம். ஆனால் இடியைப் பிடிக்கும் முன் பக்கத்தில் ஸ்பீக்கர் இருக்கிறதா என்றுதான் நான் பார்ப்பேன்.

பண்டாரவளைக்காரி
இருக்கிறது. தீபாவளிக்கு அண்ணன் வாங்கிய பெரிய சப்வூஃபர், டிவிக்கு இடது பக்கம். கீழ்த் தட்டில் ஸ்டெபிலைசர். இடியும் அதே வாரம்தான் விழுந்தது, அதனால் சப்வூஃபர்தான் என்று நான் உடனே ஒத்துக்கொள்ள மாட்டேன்.

'டும்' சத்தம் இல்லை. முன்பு கேட்கும் என்கிறார் அப்பா. போன வருடம் ஃபியூஸ் திரும்பத் திரும்ப எரிந்து ஒரு கடையில் செய்து கொண்டுவந்தோம். அதற்குப் பிறகு அந்தச் சத்தம் இல்லையாம்.

ஹட்டன்_சொல்டரிங்
அப்போது கதை அங்கேதான் இருக்கிறது. குழாயைச் சுற்றி ஒரு செப்புக் கம்பிச் சுருள் ஓடும், டீகோஸ் கொயில் என்போம். அதோடு தொடராக பிடிசி என்று ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. குளிர்ந்திருக்கும்போது அதன் தடை குறைவு, போட்டவுடன் கொயிலுக்குள் பலத்த கரண்ட் பாயும். அந்தக் கரண்டிலேயே பிடிசி சூடாகித் தடை ஏறி, ஓரிரு விநாடிகளில் ஓட்டம் அநேகமாக அடங்கிவிடும். மாமா பின்னால் நடந்து செய்கிற வேலையை அது உட்கார்ந்த இடத்தில் செய்கிறது, அதுவும் ஒவ்வொரு தடவை போடும்போதும்.

இந்தப் பிடிசி உள்ளே உடைந்து ஷோர்ட் ஆனால் ஃபியூஸ் எரியும். புதிதாகப் போடச் சோம்பல்பட்டு, கொயில் பிளக்கைக் கழற்றிவிட்டுப் பெட்டியை மூடிக் கொடுப்பவர்கள் உண்டு. படம் நன்றாக வரும், வீட்டுக்காரருக்கும் சந்தோஷம். அப்புறம் ஏறுகிற காந்தம் எல்லாம் இறங்க வழியில்லாமல் அங்கேயே நிற்கும். சப்வூஃபரா இடியா என்ற சண்டை இதற்குப் பிறகுதான்.

ஸ்டெபிலைசர் இந்தத் திட்டுக்குக் காரணமில்லை. அதன் புலம் 50 ஹேர்ட்ஸில் மாறிக்கொண்டே இருப்பது. மிஞ்சினால் படம் மெல்ல அலையும்.

கண்டி_பையன்
ஒரு எல்ஈடி டிவி வாங்கினால் இவ்வளவு பேச்சு தேவையில்லையே. கரண்ட் பில்லும் குறையும்.

நுவரெலியா_குளிர்
பழையதை எங்கே போடுவீர்கள் தம்பி? டியூபின் பின்பக்கக் கூம்புக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. எங்கள் லயத்துக்குப் (தோட்டத்து வரிசை வீடுகளுக்குப்) பின்னால் ஓடைப் பள்ளத்தில் எத்தனை டியூப் கிடக்கிறது என்று வந்து பாருங்கள்.

டிரில்_மாமா, பதுளை
சரி, பிடிசி போயிருக்கலாம். அதற்காக வீட்டில் பெட்டியைத் திறக்கச் சொல்வது என் காந்தத்தைவிட ஆபத்து. டியூபின் உயர் அழுத்த முனையான ஆனோடில் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூப் பிடித்து வைத்திருக்கும். நான் நியோடிமியம் சொல்லவில்லை. பழைய ஸ்பீக்கரின் கறுப்புக் காந்தம், ஒரு முழத்துக்கு மேல் தள்ளி. ஊரில் பல பெட்டிகளை அப்படித்தான் சுத்தம் செய்திருக்கிறேன், ஒன்றும் நெளியவில்லை.

ஹட்டன்_சொல்டரிங்
திறக்க நான் சொல்லவே இல்லை, தெரிந்த கை திறக்கட்டும். உங்கள் காந்தம் கழன்று பறந்தால் திரை என்ன ஆகும்? நிமிடத்துக்கு 1,500 சுற்று என்றால் விநாடிக்கு 25. ஒட்டுகிற டேப்பை நம்பி நான் அதற்கு முன்னால் நிற்க மாட்டேன். வெளியே இருந்துதான் செய்வதென்றால் அதற்கென்றே கைக்கொயில் இருக்கிறது, ரிப்பேர் கடையில் கேட்டால் ஓரிரு நிமிட வேலை. திரைக்கு முன் மெதுவாக வட்டமடித்து, வட்டமடித்தபடியே ஆறடி பின்வாங்கி, கொயிலைப் பக்கவாட்டில் திருப்பி, அதற்குப் பிறகுதான் பட்டனை விட வேண்டும். திரைக்குக் கிட்டே வைத்துப் பட்டனை விட்டால் இருந்ததைவிடப் பெரிய திட்டு வரும். கழற்றிய டிவிக் கொயிலை நேராக 230 வோல்ட்டில் செருகும் வேலையை மட்டும் யாரும் செய்யாதீர்கள். பிடிசி இல்லாமல் அது நொடியில் கொதிக்கும்.

டிரில்_மாமா, பதுளை
கைக்கொயிலால் ஒருமுறை எடுத்துவிட்டால் போதுமே. ஸ்பீக்கரை நகர்த்திவிட்டால் திரும்ப எங்கிருந்து வரும்? உள்ளே பிடிசி எதற்கு?

ஹட்டன்_சொல்டரிங்
பூமி சும்மா இருக்குமா? நம் தீவு காந்த நடுக்கோட்டுக்குக் கிட்டே. இங்கே பூமியின் காந்தப்புலம் கிட்டத்தட்டப் படுக்கையாக, தெற்கிலிருந்து வடக்கே போகிறது. வடக்குப் பார்த்த டிவியைக் கிழக்குப் பார்க்கத் திருப்பினால் கதிர் விழும் இடம் கொஞ்சம் மாறும். உள்ளே கொயில் வேலை செய்தால் புதிய திசைக்கு ஏற்பத் தகட்டை அதுவே சரிப்படுத்திவிடும்.

டிரில்_மாமா, பதுளை
எங்கள் வீடுகளில் டிவி வைத்த இடத்திலிருந்து திரும்புவது கூரை ஒழுகினால்தான்.

நுவரெலியா_குளிர்
அது வருடம் முழுக்க ஒழுகுகிறதே மாமா.

பண்டாரவளைக்காரி
சப்வூஃபரை அறையின் மறுமூலைக்கு மாற்றினேன். திட்டு கொஞ்சம் சுருங்கியது, ஆனால் போகவில்லை.

ஹட்டன்_சொல்டரிங்
சுருங்கியது சப்வூஃபரின் பங்கு. மிச்சம் தகட்டில் ஏறியது. கடைக்குக் கொண்டுபோனால் முதலில் பிடிசியைப் பார்க்கச் சொல்லுங்கள், கைக்கொயில் அதற்குப் பிறகு. டிவியை லொறியில் ஏற்றும்போது திரைப் பக்கம் குலுங்காமல் பாருங்கள். வீட்டுக்கு வந்து செய்வதாக இருந்தால் வீசிஆர் கசெட்டுகளை வேறு அறைக்கு எடுத்துவிடுங்கள். அந்தக் கொயில் கல்யாண கசெட்டையும் சேர்த்து அழித்துவிடும்.

பண்டாரவளைக்காரி
கசெட் எல்லாம் டிவிக்கு மேலேதான் இருந்தன! எடுத்துவிட்டேன். சனிக்கிழமை ஆள் வருகிறார்.

டிரில்_மாமா, பதுளை
வரட்டும். பிடிசியில் இரண்டு கால், மூன்று கால் இரண்டு வகையும் உண்டு, பழையதைக் கையில் வைத்துக்கொண்டு அதே வகை வாங்கச் சொல்லுங்கள். டிரில்லை நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.