விதி தேர்ந்தெடுக்காத நாயகன்: ஒரு வாள்வீரப் பெருநாவல் தேவை

கேள்வி: பிறப்பிலேயே விதி குறித்துவைத்த நாயகன், குகையில் கிடைக்கும் இரகசியச் சுவடி, முடிவில் நிகரற்ற வீரம் என்னும் வாய்பாட்டைத் தலைகீழாக்கும் சீன வாள்வீரப் பெருநாவல் ஒன்றை நண்பர்கள் பரிந்துரைக்க இயலுமா?

மறுமொழி 1: ஜின் யோங் 1969 முதல் 1972 வரை ஹாங்காங்கின் மிங் பாவ் நாளிதழில் தொடராக எழுதிய ‘மானும் கொப்பரையும்’ நாவலைத் தயங்காமல் எடுங்கள். யாங்சோ நகரின் விலைமாதர் விடுதியில் பிறந்து, எழுதப் படிக்கத் தெரியாமல் வளரும் வெய் சியாவ்பாவ், பேரரசர் காங்சிக்கு உற்ற நண்பனாகவும், அதே பேரரசரின் சிங் அரசைக் கவிழ்க்கத் துடிக்கும் இரகசியச் சங்கத்தின் உறுப்பினனாகவும் ஒரே காலத்தில் வாழ்கிறான். பேரரசரின் பெயரால் ஆட்சியைக் கையில் வைத்திருந்த வலிமைமிக்க ஓபாயை அடக்கும் காட்சியில் இவன் தூபக்கலத்துச் சாம்பலை அவர் கண்களில் வீசுகிறான். பிற நாவல்களில் இழிசெயலாகக் கருதப்படும் அந்தத் தந்திரமே இங்கே இளம் பேரரசரைக் காப்பாற்றுகிறது. தப்பி ஓடும் கலை ஒன்றைத்தான் அவன் உருப்படியாகக் கற்கிறான்.

மறுமொழி 2: முழுமையாக வழிமொழிகிறேன். எனினும் இது ஜின் யோங்கின் இறுதி நாவல் என்பதால், நேர்மையே உருவான குவோ ஜிங் போன்ற அவருடைய முந்தைய நாயகர்களை முதலில் அறிந்துகொண்டு இதற்கு வந்தால், அவர் எதை உடைக்கிறார் என்பது தெளிவாகப் புலப்படும்.

மறுமொழி 3: நாயகனுக்கு ஏழு மனைவியர் அமைவதும், அப்பெண்களுள் சிலர் நடத்தப்படும் விதமும் எனக்கு இன்றும் உறுத்தலாகவே உள்ளன. அதை அறிந்தே படியுங்கள்.