லினக்ஸுக்குத் திரும்புகிறேன், எந்த டெஸ்க்டாப் (திரைச் சூழல்) எடுக்கலாம்?

வணக்கம். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவில் யூனிட்டி டெஸ்க்டாப் இருந்த காலத்தில் லினக்ஸை விட்டுப் போனவன் நான். 2017இல் உபுண்டு க்னோம் டெஸ்க்டாப்புக்குத் திரும்பியதே எனக்கு இப்போதுதான் தெரியும்!

லேப்டாப்பில் 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. வேலைக்கான மென்பொருள் ஒன்று விண்டோஸில் மட்டும்தான் ஓடும், அதனால் விண்டோஸை அழிக்க முடியாது. பக்கத்திலேயே 80 ஜிபி ஒதுக்கி லினக்ஸ் போடப் போகிறேன். விண்டோஸை முழுதாக அணைக்காமல் வைத்து வேகமாகத் தொடங்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்தாயிற்று. முன்பு அதை அணைக்காமல் விட்டு, லினக்ஸிலிருந்து விண்டோஸ் பார்ட்டிஷனில் எதையும் சேமிக்க முடியாமல் முழித்த அனுபவம் உண்டு. வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியும் பத்திரம்.

குழப்பமெல்லாம் டெஸ்க்டாப்பில்தான். லைவ் யுஎஸ்பியில் (நிறுவாமலே ஓட்டிப் பார்ப்பது) மூன்றைப் பார்த்தேன். எக்ஸ்எஃப்சிஇ பறக்கிறது, ஆனால் 14 அங்குலத் திரையில் 125 சதவீதம் பெரிதாக்குவது எனக்குச் சரியாக அமையவில்லை. லினக்ஸ் மின்ட்டின் சின்னமன் விண்டோஸ் பழகிய கைக்கு உடனே ஒத்துவருகிறது. மனசு என்னவோ கேடிஇ பிளாஸ்மா பக்கம்தான் சாய்கிறது. அதன் செட்டிங்ஸில் நுழைந்தால் அரை நாள் போய்விடும், அதுதான் பயம்.

பிளாஸ்மா 6ஐ 8 ஜிபியில் தினமும் ஓட்டுபவர்கள் இருக்கிறீர்களா? பிரவுசரில் இருபது டேப் திறந்தால் தாங்குமா? வேலேண்டில் (திரையில் காட்டும் புதிய முறை) தமிழ்99 தட்டச்சு ஒழுங்காக வருகிறதா, தட்டச்சுக்கு உதவும் மென்பொருளில் ஐபஸ் போதுமா அல்லது எஃப்சிஐடிஎக்ஸ்5 வேண்டுமா? அப்புறம், விண்டோஸுக்குப் போய்வந்தால் கடிகாரம் மாறுமே, அதற்கு நேர அமைப்பை லினக்ஸ் பக்கம் மாற்றுவது நல்லதா, விண்டோஸ் பக்கமா?