புதுப்பிப்பு: குடவோலை வகுப்பு என்ன ஆயிற்று?

ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடத்தாமல், உத்திரமேரூர்க் கல்வெட்டை (பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு எடுத்து ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையின் விதிகள் அதில் இருக்கின்றன) எளிய தமிழில் கையில் கொடுத்துக் கேள்வி கேட்க விடப்போகிறேன் என்று போன மாதம் எழுதியிருந்தேன் அல்லவா?

முதல் வாரம் சொதப்பல். "இது பரீட்சைக்கு வருமா சார்?" என்பதுதான் பாதிப் பேரின் கேள்வி. அப்புறம் ஒரு பெண், "ஓலையை எடுக்க ஏன் சின்னப் பையன்?" என்றாள். அவ்வளவுதான், வகுப்பே சோழ மன்னன் பராந்தகன் கால விதிகளுக்குள் இறங்கிவிட்டது: 30 குடும்பு (ஊரின் பிரிவுகள்), உறுப்பினராக வயது 35-க்கு மேல் 70-க்குள், கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் நிலம், சொந்த மனையில் வீடு. கணக்குக் காட்டாதவரின் உறவினருக்கும் இடமில்லை என்ற வரியில் ஒரே சிரிப்பு.

"அப்போ நிலம் இல்லாதவங்க?" என்று கடைசி பெஞ்சு கேட்டதும் சிரிப்பு நின்றது. பதினைந்து வருடமாக நான் 'மக்களாட்சி' என்று சொல்லிக் கடந்துபோன இடம் அது.

பாடத்திட்டத்தில் இரண்டு வாரம் பின்தங்கிவிட்டேன், அது வேறு கதை.